ஒரே சொல், தொடர்பில்லாத மொழிகளில் வேறு வேறு பொருள் தருவது ஏன்?

தமிழில் 'கல்' என்றால் பாறைத்துண்டு; 'படி' என்னும் ஏவலும் அதுவே. இந்தியில் அதே ஒலி நேற்றையும் குறிக்கும், நாளையையும் குறிக்கும். துருக்கி மொழியிலோ அதற்கு 'இங்கேயே இரு' என்று பொருள். உறவில்லாத மொழிகளின் சொற்கள் இப்படி ஒத்து ஒலிப்பதைத் தற்செயல் ஒப்புமை என்கிறோம்.

ஒலிக்கும் பொருளுக்கும் பிறவிப் பிணைப்பு கிடையாது. பேசுவோரின் வழக்கமே பொருளைத் தருகிறது. ஒலிகளோ அளவானவை. 15 மெய்களும் 10 உயிர்களும் உள்ள மொழியில் மெய், உயிர், மெய் என்று அடுக்கினால் 2,250 வடிவங்கள்தான் கிடைக்கும். உலகில் ஆயிரக்கணக்கான மொழிகள் இருக்கையில், குறுஞ்சொற்கள் ஒத்துப்போகாமல் இருந்தால்தான் வியப்பு! இரண்டு கட்டடங்களில் 204 என்ற அறை இருப்பதைப் போன்றது இது. எண் ஒன்று, உள்ளே இருப்பவர் வேறு.

ஒலி ஒத்தால் மொழிகள் உறவு என்று பலர் நம்பிவிடுகிறார்கள். பொருளும் சேர்ந்து ஒத்தால்கூட அது போதாது: ஆஸ்திரேலியப் பழங்குடி மொழியான ம்பபாரத்தில் 'டாக்' என்றால் நாய்தான், ஆனால் அது ஆங்கிலத்திலிருந்து வந்ததல்ல, 'குடக' என்ற பழைய சொல் தேய்ந்து உருவானது.