புறநகர்வாசி யார்? கேள்வி பதில்

பதுளை, ஓ.எல். மாணவி: சேர், மொழிபெயர்ப்புப் பகுதியில் 'சபர்பனைட்' என்று வந்தது. நான் 'நகர்ப்புறவாசி' என்று எழுதினேன். மிஸ் பிழை போட்டுவிட்டார். நியாயமா?

பதில்: நியாயம்தான் மகள். 'புறநகர்வாசி' என்று எழுதியிருக்க வேண்டும். நகர்ப்புறம், புறநகர் இரண்டிலும் இருப்பது அதே இரண்டு சொற்கள்தான். ஆனால் இடம் மாறினால் பொருளும் மாறுகிறது. பின்னால் நிற்கிற 'புறம்' பக்கத்தைக் குறிக்கும்: நாட்டுப்புறம், கிராமப்புறம், நகர்ப்புறம். முன்னால் நிற்கிற 'புறம்' வெளியே என்று சொல்லும்: புறச்சுவர், புறநகர். ஆகவே நகர்ப்புறவாசி டவுனுக்குள்ளேயே இருக்கிறவர். புறநகர்வாசி டவுனை ஒட்டி வெளியே குடியிருந்துகொண்டு, வேலைக்கும் படிப்புக்கும் மருந்துக்கும் உள்ளே போய் வருகிறவர். குண்டசாலையில் வீடு, கண்டியில் உத்தியோகம் என்றால் அவர் கண்டியின் புறநகர்வாசி. பத்திரிகைத் தலைப்புகளிலேயே இவை இரண்டும் குழம்பி வருவதால் உங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. வல்லின ற. 'புரநகர்' என்று எழுதிவிடாதீர்கள். புரம் என்றாலே ஊர்தான், அநுராதபுரத்தில் இருக்கிற புரம் அது. ஊருக்கு ஊர் என்று பேர் வைத்த கதையாகிவிடும்.

மாத்தளை: வாசி என்பதற்கும் வாசிப்பதற்கும் சம்பந்தம் உண்டா? முக்கால்வாசி?

பதில்: இரண்டுக்கும் இல்லை. வசிப்பவர் வாசி. ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே சொல்தான்.

நுவரெலியா (தொழில் வத்தளையில்): வெள்ளவத்தையில் அறை எடுத்திருக்கிற நண்பன் என்னை 'புறநகர்வாசி' என்று பகிடி பண்ணுகிறான். அவனும் அப்படித்தானே?

பதில்: அவன் சொல்வது சரி. வெள்ளவத்தை கொழும்பு 06, மாநகர சபை எல்லைக்குள் இருக்கிறது. தெகிவளைக்குப் போனால் சபையே வேறு. உங்கள் வத்தளை களனி கங்கைக்கு அந்தப்பக்கம், கம்பகா மாவட்டம். ஆனால் பகிடிக்கு அதில் ஒன்றுமில்லை, அவன் உங்களைவிடக் கூட வாடகை கொடுக்கிறான், அவ்வளவுதான்.

ஹட்டன்: எங்கள் லயத்திலிருந்து (தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடு) பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே போய்விடலாம். அப்படியென்றால் நாங்களும் புறநகர்வாசிகள்தானே?

பதில்: தூரத்தை வைத்துப் பார்த்தால் ஆம். ஆனால் இந்தச் சொல் தூரத்தை மட்டும் அளப்பதில்லை.

முதலில் அரசாங்கக் கணக்கைப் பாருங்கள். சனத்தொகைக் கணக்கெடுப்பில் புறநகர் என்று ஒரு பிரிவே கிடையாது. நகரம், கிராமம், தோட்டம், மூன்றே மூன்று. மாநகர சபைக்கும் நகர சபைக்கும் உட்பட்டது நகரம். 20 ஏக்கருக்குக் குறையாமல், குடியிருக்கும் தொழிலாளர் 10 பேருக்குக் குறையாமல் இருந்தால் தோட்டம். மிச்சமெல்லாம் கிராமம். பிரதேச சபைக்குள் எவ்வளவு பெரிய கடைத்தெரு இருந்தாலும் கணக்கில் அது நகரம் ஆகாது.

இப்போது உங்கள் லயம். புறநகரில் இருப்பவர் சபைக்கு வரி கட்டுவார், பாதை உடைந்தால் சபையில் போய்க் கேட்பார். தோட்டத்தில் இருப்பவர் பிரதேச சபைக்கு வாக்குப் போட்டாலும், அந்தச் சபை தோட்டத்துக்குள் பணம் செலவழிக்க 1987 பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தடையாக இருந்தது. 2018 இல்தான் அதைத் திருத்தினார்கள். கடிதம்கூடப் பல இடங்களில் தோட்டக் கந்தோருக்குப் போய்த்தான் கைக்கு வருகிறது. டவுன் கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் எதற்கெடுத்தாலும் பார்க்க வேண்டியது தோட்டத்துரையை, அதாவது மேலாளரை. இந்த நிலையை 'புறநகர்' என்ற சொல்லால் மூடினால் உள்ளதை மறைத்ததாகும்.

கொட்டகலை: இது பழைய கதை சேர். எங்கள் லயத்து வீட்டில் ஒருவரும் கொழுந்து எடுப்பதில்லை. தங்கச்சி ஹட்டனில் பாமசியில், நான் புடவைக்கடையில். காலையில் பஸ், பொழுதுபட வீடு. நீங்கள் முதலில் சொன்ன விளக்கப்படி நாங்கள் அசல் புறநகர்வாசிகள்!

பதில்: நல்ல அடி. தொழிலைப் பார்த்தால் நீங்கள் சொல்வதை மறுக்க முடியாது. ஆனால் கூரை யாருடையது? நிலம் அரசாங்கத்துடையது, 1992 முதல் குத்தகை கம்பெனிகளிடம். நாளைக்கு ஒரு அறை கூட்டிக் கட்ட யாரிடம் அனுமதி கேட்பீர்கள்? பகலில் புறநகர்வாசி, இரவில் தோட்டவாசி என்று வேண்டுமானால் சொல்கிறேன்.

டிக்கோயா: 7 பேர்ச் காணியில் தனி வீடு கட்டிப் போனவர்கள் எந்தக் கணக்கு?

பதில்: காணி உறுதிப் பத்திரம் அவர்கள் பேரில் கைக்கு வந்து, பிழைப்பும் டவுனில் என்றால் தாராளமாகப் புறநகர்வாசிகள். உறுதி வரவில்லையா, கொட்டகலைக்காரருக்குச் சொன்ன பதில்தான்.

ஹட்டன் (மீண்டும்): 'தோட்டக்காட்டான்' என்று ஏச்சு வாங்கி வளர்ந்தவர்கள் நாங்கள். புறநகர்வாசி என்றால் கொஞ்சம் மரியாதை. அதையும் ஏன் பறிக்கிறீர்கள்?

பதில்: அந்த ஏச்சுக்குப் பதில் 'மலையகத் தமிழர்' என்ற பெயர். அது ஆளைச் சொல்கிறது, வரலாற்றோடு சொல்கிறது. புறநகர்வாசி குடியிருக்கும் இடத்தை மட்டும் சொல்லும், வீடு மாறினால் அதுவும் மாறும். மரியாதைக்காக அதைப் பிடித்துக்கொண்டால் பதுளைக்கு மாறிப்போகும்போது என்ன செய்வீர்கள்?

கம்பளை: 'சபர்பனைட்' தமிழில் என்ன?

பதில்: முதல் பதில்.

பண்டாரவளை: நகர்ப்புறவாசி என்றும் போடலாமா?

பதில்: முடியாது. முதல் பதில்.

தலவாக்கலை: சேர், புரநகர்வாசிகள் என்று பன்மையில் எழுதலாமா?

பதில்: பன்மை சரி. ற!

நாவலப்பிட்டி (இப்போது பாரிஸ் பக்கம், லா கூர்நெவ்): இங்கே புறநகர்வாசியைப் பிரெஞ்சில் 'பான்லியூசார்' என்றால் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். நம் சொல்லிலும் அந்த வாடை இருக்கிறதா?

பதில்: இல்லை. பிரெஞ்சுச் சொல் காதில் விழுந்தவுடன் பலருக்கு மாடி வரிசைகளும் வந்தேறிகளும் வறுமையும்தான் நினைவுக்கு வரும். ஆங்கிலச் சொல்லில் கிண்டல் வேறு விதம்: முற்றமும் காரும் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டார் மாதிரியே வாழ்கிறவர் என்று. தமிழில் புறநகர்வாசி குடியிருக்கும் இடத்தைச் சொல்லும் பெயர், அவ்வளவுதான். கிண்டல் வேண்டுமென்றால் வாக்கியத்தில்தான் வைக்க வேண்டும். சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு வெளியே தங்கியது புறஞ்சேரியில். அழகான சொல். ஆனால் 'சேரி' வேறு பக்கம் போய்விட்டதால் இன்று அதை எடுத்து ஒருவரையும் குறிப்பிட முடியாது.

மஸ்கெலியா: 'புறநகர்க்காரர்' என்று சொல்லலாமா?

பதில்: பேச்சில் சொல்லுங்கள். பரீட்சைத் தாளில் வேண்டாம்.

ராகலை: லயத்தில் இருக்கிறவருக்கு வதிவிடச் சான்றிதழ் எடுப்பது எப்படி?

பதில்: கிராம சேவையாளரிடம் போங்கள். நான் தமிழ் வாத்தியார்.