நிலத்தை விற்காதீர்கள், மகளை நர்சிங் படிக்க விடுங்கள்

ஐயா, சென்ற ஞாயிறு நீங்கள் குடும்பத்தோடு வந்திருந்தபோது உங்கள் மைத்துனர்தான் அதிகம் பேசினார். நீட்டில் இரண்டு முறையும் மதிப்பெண் போதவில்லை, ஒன்றரை ஏக்கரை விற்று வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்த்துவிடலாம் என்றார். மகள் ஒரே ஒருமுறை வாய் திறந்தாள்: "நான் நர்சிங் படிக்கிறேன். போர் நடக்கிற ஊர்களில் வேலை செய்யவேண்டும்." "ஊசி போடவா வளர்த்தோம்?" என்று மாமா அடக்கிவிட்டார். அன்று உங்களுக்கு ஆறுதல் சொல்லி அனுப்பினேன். அது என் தவறு.

நிலத்தை விற்காதீர்கள். பெரும்பாலான நாடுகளில் மருத்துவம் படித்துத் திரும்புகிறவர்கள் இங்கே எஃப்.எம்.ஜி.இ. தேர்வில் தேறினால்தான் மருத்துவராகப் பதிவு செய்ய முடியும். அதில் தோற்பவர்களே அதிகம். பிள்ளைக்கு விருப்பமில்லாத படிப்புக்கு நிலத்தைப் பணயம் வைக்க நான் சம்மதிக்கமாட்டேன்.

வளைகுடா, லண்டன் வேலைகளைப் பற்றிச் சொல்ல ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். மகள் கேட்டது வேறு. 1971இல் பாரிசில் தொடங்கி, 1999இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற, போரும் பேரிடரும் நடக்கும் இடங்களில் சிகிச்சை தரும் 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' போன்ற அமைப்புகளின் வேலை அது. பெயரில்தான் மருத்துவர்கள், முகாமில் இரவும் பகலும் நிற்பவர்கள் செவிலியர்கள். தெற்கு சூடானில் ஒரு தாய் ஒரு வயதுக் குழந்தையைத் தூக்கி வருகிறாள். மேல்கையில் வண்ண நாடாவைச் சுற்றுகிறார்கள். சுற்றளவு 115 மில்லிமீட்டருக்குக் கீழே என்றால் கடுமையான ஊட்டக்குறைவு. அதற்குத் தரும் சிகிச்சை உணவு நிலக்கடலைப் பசை, 92 கிராம் பொட்டலத்தில் 500 கலோரி இருக்கிறது. குழந்தை அதைச் சப்பிச் சாப்பிட்டால், வேறு நோயும் இல்லையென்றால், பொட்டலங்களோடு வீட்டுக்கு அனுப்பலாம். முகத்தைத் திருப்பிக்கொண்டால் உடனே வார்டில் சேர்க்கவேண்டும். காலரா முகாமில் கட்டிலின் நடுவே துளையிட்டு அடியில் வாளி வைத்திருப்பார்கள். உடல் இழந்த நீரை அதில் அளந்து, ரத்தக் குழாய் வழியே ஈடுசெய்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து போகிற செவிலியர் பெரும்பாலும் உள்ளூர்ச் செவிலியருக்குப் பயிற்சி தந்து, மருந்து இருப்பைக் கணக்குப் பார்த்து, தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரிக்குள் காத்து, ஒரு வார்டையே நடத்துகிறார். மைத்துனரிடம் இதைச் சொல்லுங்கள்.

அதனால்தான் படித்த கையோடு போக முடியாது. நான்கு ஆண்டு பி.எஸ்சி. நர்சிங், நர்சிங் கவுன்சிலில் பதிவு, பிறகு கூட்டம் நெரியும் மருத்துவமனையில் குறைந்தது இரண்டு ஆண்டு அவசரப் பிரிவும் குழந்தைகள் வார்டும். இடையில் பிரெஞ்சோ அரபியோ கற்கட்டும். பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து அரசுக் கல்லூரிக்கு முதலில் முயலுங்கள். கடன் வாங்கித் தனியார் கல்லூரியில் சேர்த்தால், அதை அடைக்கும்வரை அவள் இங்கேதான் வேலை பார்க்கவேண்டும். அந்த அமைப்புகள் பயணம், தங்குமிடம், காப்பீடு எல்லாம் பார்த்துக்கொள்ளும், ஆனால் சம்பளம் அடக்கமானது. வேலை வாங்கித் தருகிறேன் என்று எவராவது பணம் கேட்டால் அவர் மோசடிக்காரர்.

ஆபத்தை மறைக்கமாட்டேன். 2015 அக்டோபர் 3 அன்று ஆப்கானிஸ்தானின் குந்தூசில் அமெரிக்க விமானத் தாக்குதலில் இந்த அமைப்பின் மருத்துவமனை எரிந்து 42 பேர் இறந்தார்கள். 14 பேர் ஊழியர்கள். மகளிடமும் இதைச் சொல்வேன். போவதா வேண்டாமா என்பதை 25 வயதில் அவளே முடிவு செய்யட்டும். இப்போது முடிவாகவேண்டியது கல்லூரி மட்டும்.

வரும் ஞாயிறு மதிப்பெண் பட்டியலோடு வாருங்கள். முதலில் அவளிடம் மட்டும் அரைமணி நேரம் பேசவேண்டும்.