"வெளியே" சரி, எங்கே? பிரெக்ஸிட் பற்றி வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியதைப் பற்றியே இருக்கின்றன. அதனால் மற்றவற்றை அடுத்த முறைக்கு வைத்துவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

52 சதவீதம் பேர் சொன்னதற்காக ஒரு நாடே வெளியேறலாமா? நாடாளுமன்றம் மறுத்திருக்க முடியாதா?
(சட்டக் கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்)

சட்டப்படி பார்த்தால் மறுத்திருக்கலாம். 2016 ஜூன் 23 அன்று நடந்தது மக்களின் கருத்தைக் கேட்கும் வாக்கெடுப்புதான். முடிவு அரசைக் கட்டுப்படுத்தும் என்று அதற்காக இயற்றிய சட்டத்தில் எங்கும் இல்லை. குறைந்தது இத்தனை சதவீதம் வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. 1979-ல் ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்டமன்றம் வேண்டுமா என்று கேட்டபோது, மொத்த வாக்காளர்களில் 40 சதவீதம் பேராவது 'ஆம்' என்று சொல்ல வேண்டும் என வைத்திருந்தார்கள். வாக்களித்தவர்களில் பாதிக்கு மேல் 'ஆம்' என்றும் அந்த நிபந்தனையால் அது நடக்கவில்லை. அந்த அனுபவம் இருந்தும் 2016-ல் அப்படி ஒரு தடுப்பு வைக்கவில்லை.

ஆனால் நீங்கள் எடுக்கும் முடிவை நிறைவேற்றுவோம் என்று அரசே பிரசுரம் அச்சடித்து வீடுவீடாக அனுப்பியிருந்தது. 1 கோடியே 74 லட்சம் பேர் வெளியேறச் சொன்னார்கள், 1 கோடியே 61 லட்சம் பேர் இருக்கச் சொன்னார்கள். அதற்குப் பிறகு எந்த எம்.பி. தன் தொகுதிக்குப் போய், இது வெறும் கருத்துக்கேட்பு என்று சொல்ல முடியும்?

என் வருத்தம் சதவீதத்தைப் பற்றியது அல்ல, கேட்ட கேள்வியைப் பற்றியது. சீட்டில் இருந்தவை இரண்டே பதில்கள்: உறுப்பினராக இருப்பது, வெளியேறுவது. வெளியேறி எங்கே போவது? நார்வே போல உறுப்பினர் ஆகாமலே ஒற்றைச் சந்தைக்குள் (ஒரே விதிகளோடு சரக்கும் ஆட்களும் தடையின்றிப் போய்வரும் ஏற்பாடு) இருப்பதா, சுங்க ஒன்றியத்தில் (வெளிநாட்டுச் சரக்குக்கு எல்லோரும் ஒரே இறக்குமதி வரி போடும் ஏற்பாடு) மட்டும் இருப்பதா, எல்லாவற்றையும் அறுத்துக்கொள்வதா? மூன்றுமே 'வெளியேறுவது'தான். மூன்றையும் மனதில் வைத்தவர்கள் ஒரே கட்டத்தில் குறியிட்டார்கள். அதனால்தான் பிரதமர் தெரேசா மே கொண்டுவந்த ஒப்பந்தம் 2019 ஜனவரியில் 202-க்கு 432 என்று தோற்றது. இருக்க வேண்டும் என்றவர்களும் முழுக்க அறுத்துக்கொள்ள வேண்டும் என்றவர்களும் ஒரே பக்கம் நின்று அதைத் தோற்கடித்தார்கள்.

வட அயர்லாந்து விவகாரம் எத்தனை முறை படித்தாலும் புரியவில்லை. எளிமையாகச் சொல்ல முடியுமா?
(ஓய்வுபெற்ற ஆசிரியை, திருநெல்வேலி)

முதலில் அந்த எல்லையைக் கண்ணால் பார்த்துவிடுவோம். பிரிட்டனின் பகுதியான வட அயர்லாந்தின் நியூரியிலிருந்து, ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கும் தனி நாடான அயர்லாந்துக் குடியரசின் டண்டாக் நோக்கிக் காரில் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் நாடு மாறியது என்று தெரியாது. சாலை ஓரக்கோடு வெள்ளையிலிருந்து மஞ்சளாகும், வேகப் பலகையில் மைல் போய் கிலோமீட்டர் வரும். அவ்வளவுதான். கேட்டும் கிடையாது, காவலரும் கிடையாது. சுமார் 500 கிலோமீட்டர் நீளம், 200-க்கும் மேற்பட்ட சாலைகள் அப்படித்தான் கடக்கின்றன.

அது எப்போதும் அப்படி இருந்ததில்லை. பிரிட்டனோடு இருக்க வேண்டும் என்றவர்களுக்கும் அயர்லாந்தோடு சேர வேண்டும் என்றவர்களுக்கும் இடையே ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் நடந்த, 3,500 பேருக்கு மேல் செத்த வன்முறையின்போது அங்கே ராணுவக் கண்காணிப்புக் கோபுரங்கள் நின்றன, சிறு சாலைகளை மறித்து வைத்திருந்தார்கள். 1998-ல் புனித வெள்ளி ஒப்பந்தம் என்ற அமைதி உடன்பாடு வந்த பிறகுதான் அவை ஒவ்வொன்றாக மறைந்தன. இரண்டு பக்கமும் ஒரே சந்தைக்குள் இருந்ததால் சரக்கைச் சோதிக்கவும் காரணம் இல்லை.

இப்போது பிரிட்டன் வெளியேறுகிறது. அந்த மஞ்சள் கோடு தொடங்கும் இடம் ஐரோப்பியச் சந்தையின் வெளிவாசல் ஆகிவிடுகிறது. எங்காவது சோதித்தாக வேண்டும். வழி மூன்றுதான். தீவுக்குள்ளேயே சோதனைச் சாவடி போடலாம். யாரும் அதற்குத் துணியவில்லை. பிரிட்டன் முழுவதும் சுங்க ஒன்றியத்திலேயே இருந்துவிடலாம்; மே அந்த வழியில் போய்த்தான் தோற்றார். மூன்றாவது, வட அயர்லாந்தை ஐரோப்பியச் சரக்கு விதிகளுக்குள் விட்டுவிட்டு, சோதனையை பிரிட்டனின் மற்ற பகுதிகளுக்கும் அதற்கும் நடுவிலுள்ள கடலுக்குத் தள்ளுவது. மேயை அடுத்துப் பிரதமரான போரிஸ் ஜான்சன் எடுத்த வழி இது.

அதன் விளைவு? ஸ்காட்லாந்திலிருந்து பெல்ஃபாஸ்ட் நர்சரிக்குப் போக வேண்டிய செடி, வேரில் பிரிட்டன் மண் ஒட்டியிருக்கிறது என்று நின்றது. ஒரே நாட்டுக்குள்! நாங்கள் பிரிட்டிஷ்காரர்கள் இல்லையா என்று, பிரிட்டனோடு இருக்க விரும்பும் யூனியனிஸ்டுகள் கொதித்தார்கள். அவர்களின் பெரிய கட்சியான டி.யு.பி. 2022 முதல் 2024 வரை இரண்டு ஆண்டுகள் அங்கே ஆட்சியே நடக்கவிடவில்லை. 2023-ல் விண்ட்சர் உடன்பாடு வந்து, வட அயர்லாந்திலேயே விற்கும் சரக்குக்குப் பச்சை வழி, தெற்கே போகக்கூடியதற்குச் சிவப்பு வழி என்று பிரித்து ஓரளவு சமாளித்தார்கள்.

எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. இது யாருக்கும் தெரியாமல் நடந்தது அல்ல. வாக்கெடுப்புக்கு இரண்டு வாரம் முன்பு முன்னாள் பிரதமர்கள் ஜான் மேஜரும் டோனி பிளேரும் டெரி நகருக்குச் சேர்ந்தே போய் எச்சரித்தார்கள். இருவரும் எதிரெதிர்க் கட்சிக்காரர்கள். இங்கிலாந்தில் அதைக் காதில் வாங்கியவர்கள் குறைவு. வட அயர்லாந்து மக்களில் 55.8 சதவீதம் பேர் ஒன்றியத்தில் இருக்கவே வாக்களித்திருந்தார்கள்.

வாரம் 350 மில்லியன் பவுண்டு மிச்சமாகும் என்றார்களே, மிச்சமானதா?
(வாசகர், சேலம்)

அந்தத் தொகையை ஒன்றியத்துக்கு பிரிட்டன் கட்டியதே இல்லை. 1984-ல் அப்போதைய பிரதமர் மார்கரெட் தாட்சர் வாங்கிய தள்ளுபடியை முதலிலேயே கழித்துக்கொண்டுதான் பணம் போகும். கழித்தால் வாரம் சுமார் 250 மில்லியன், அதிலும் ஒரு பகுதி விவசாயிகளுக்கும் பின்தங்கிய பகுதிகளுக்கும் திரும்பி வந்துவிடும். இந்தக் கணக்கு தவறாக வழிநடத்துகிறது என்று நாட்டின் புள்ளிவிவர ஆணையம் வாக்கெடுப்புக்கு முன்பே சொன்னது. ஆனால் வெளியேறச் சொன்னவர்கள் தங்கள் பிரசாரத்துக்கு ஓட்டிய சிவப்புப் பேருந்தில் எழுதிய எண் அப்படியே ஊர் சுற்றியது.

பாரிஸ் லா ஷப்பலில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். முன்பு லண்டன் மொத்தக் கடையில் சொன்னால் மறுநாள் சரக்கு வந்துவிடும். ஒப்பந்தத்தில் வரியே இல்லை என்கிறார்கள், அப்புறம் ஏன் எங்களிடம் வரி கேட்கிறார்கள்?
(கடை உரிமையாளர், பாரிஸ்)

வெளியேறிய பின் பிரிட்டனும் ஒன்றியமும் செய்துகொண்ட வர்த்தக ஒப்பந்தத்தில் 'வரி இல்லை' என்றிருப்பது பிரிட்டனிலோ ஒன்றியத்திலோ விளைந்த, செய்த பொருளுக்குத்தான். உங்கள் சரக்கு இந்தியாவிலும் இலங்கையிலும் விளைந்தது. லண்டனில் மூட்டையைப் பிரித்து அரைக் கிலோ பாக்கெட் போட்டால் அது பிரிட்டன் பொருள் ஆகாது. ஆகவே லண்டனில் இறங்கும்போது ஒரு வரி, பிரான்ஸுக்குள் வரும்போது இன்னொரு வரி. நெய், கருவாடு, மாசி போன்றவற்றுக்கு இன்னும் கஷ்டம். விலங்கிலிருந்து வரும் பொருள் என்பதால் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும், எல்லையில் அதற்கென்று இருக்கும் சோதனைச் சாவடி வழியாக வர வேண்டும். 2021 ஜனவரியில் நெதர்லாந்துத் துறைமுகத்தில் இறங்கிய லாரி ஓட்டுநர்களிடமிருந்து, சாப்பிடக் கொண்டுவந்த இறைச்சி சாண்ட்விச்சைக்கூடச் சுங்கக்காரர்கள் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

லண்டனை விட்டுவிட்டு, லா ஆவ்ர், ராட்டர்டாம் துறைமுகங்கள் வழியாக நேரே இறக்கும் மொத்த வியாபாரியைப் பிடியுங்கள். இனி அதுதான் கட்டுப்படியாகும். ஒன்றியத்தில் இருந்திருந்தால் எப்படி இருந்திருக்குமோ அதைவிட பிரிட்டனின் உற்பத்தித்திறன் நீண்டகாலத்தில் 4 சதவீதம் குறையும் என்பது அந்நாட்டு பட்ஜெட் பொறுப்பு அலுவலகத்தின் மதிப்பீடு. உங்கள் கடைக்கு வராமல் போன அந்த வேன் போல ஆயிரக்கணக்கான சிறு வியாபாரங்கள் அதற்குள் இருக்கின்றன.

இதற்கு முன் யாராவது இப்படி வெளியேறியிருக்கிறார்களா?
(வாசகி, புதுச்சேரி)

கிரீன்லாந்து. டென்மார்க்கோடு சேர்ந்து 1973-ல் உள்ளே போனது, மீன்பிடி உரிமைக்காக 1982-ல் வாக்கெடுத்து 1985-ல் வெளியே வந்தது. மீனே பிரதானமாக இருந்த சின்ன விஷயத்துக்கே அத்தனை வருடம் பேச வேண்டியிருந்தது.

திரும்பவும் சேர முடியுமா?
(பல வாசகர்கள்)

முடியும். புதிய நாடு போலவே விண்ணப்பிக்க வேண்டும், 27 நாடுகளும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் தாட்சர் வாங்கிய தள்ளுபடி, யூரோவிலிருந்து விலக்கு, ஷெங்கனிலிருந்து (எல்லைச் சோதனை இல்லாத பயண ஏற்பாடு) விலக்கு என்று முன்பு கையில் வைத்திருந்த சலுகைகள் தானாகத் திரும்பி வராது. ஒற்றைச் சந்தைக்கோ சுங்க ஒன்றியத்துக்கோ திரும்ப மாட்டோம் என்று சொல்லித்தான் 2024-ல் லேபர் கட்சியும் ஆட்சிக்கு வந்தது. சீக்கிரம் நடக்கும் என்று நான் நினைக்கவில்லை.

என் அம்மா நெதர்லாந்துக்கு அகதியாகப் போய், அந்நாட்டுக் குடியுரிமை பெற்று, 2006-ல் லண்டன் வந்தார். 2016-ல் அவருக்கு வாக்கு இல்லை. இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருந்த மாமா வாக்களித்தார். அது எப்படி? அம்மாவின் தோழி ஒருவர் இன்னும் செட்டில்ட் ஸ்டேட்டஸ் (ஐரோப்பியர்கள் பிரிட்டனில் தொடர்ந்து வசிக்கும் உரிமை) எடுக்கவில்லை, என்ன செய்வது?
(வாசகி, ஹாரோ)

பொதுத்தேர்தல் வாக்காளர் பட்டியலையே அடிப்படையாக எடுத்துக்கொண்டார்கள். அதில் பிரிட்டனில் வசிக்கும் காமன்வெல்த் குடிமக்களுக்கு இடம் உண்டு. இலங்கையும் இந்தியாவும் காமன்வெல்த் நாடுகள். ஐரோப்பியர்களில் அயர்லாந்து, மால்டா, சைப்ரஸ் குடிமக்களுக்கு மட்டுமே வாக்கு இருந்தது. முடிவால் யாருடைய இருப்பு ஆட்டம் காணுமோ அவர்களே கேட்கப்படாமல் போனார்கள். உங்கள் அம்மாவுக்கு நேர்ந்தது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

தோழியின் விஷயம் அவசரம். கடைசி நாள் 2021 ஜூன் 30, ஆனாலும் 2020 டிசம்பர் 31-க்கு முன்பே அங்கே வசித்தவர் என்றால், தாமதத்துக்கு ஏற்கத்தக்க காரணம் காட்டி இப்போதும் விண்ணப்பிக்கலாம். கட்டணம் இல்லை. 2023 ஆகஸ்டிலிருந்து காரணத்தைக் கறாராகப் பார்க்கிறார்கள். அதனால் மருத்துவரின் கடிதம், கவுன்சில் வரி ரசீது, சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் வருட வாரியாக அடுக்கி, உரிமம் பெற்ற குடிவரவு ஆலோசகரிடம் காட்டிவிட்டு அனுப்பச் சொல்லுங்கள்.

அம்மாவிடமும் ஒன்று கேளுங்கள். இந்த ஸ்டேட்டஸுக்கு அட்டை கிடையாது, எல்லாம் ஆன்லைன் கணக்கில்தான் இருக்கிறது. டச்சுப் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்திருந்தால் புது எண்ணை அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டாரா? அடுத்த விமானப் பயணத்துக்கு முன்பே அதைச் செய்துவிடுங்கள்.