காத்தடிச்சா சங்கு கேக்கல, பாட்டு மட்டும் எப்படி வருது?

கேள்வி: எங்கம்மா எஸ்டேட்ல கொழுந்து எடுக்குறாங்க. எதிர்காத்து அடிக்கிற அன்னைக்கு காலைல ஊதுற சங்கு எங்க லயத்துக்கு (எஸ்டேட் லைன் வீட்டுக்கு) சரியாவே கேக்காது, ஆனா கோடை எஃப்எம் மட்டும் எந்த காத்துலயும் அப்படியே பாடுது. ரெண்டும் சத்தம்தானே? எந்திர அலை, மின்காந்த அலைன்னு டீச்சர் சொன்னாங்க, புரியல.
- பிளஸ் ஒன் மாணவி, வண்டிப்பெரியார்

பதில்: தங்கச்சி, "ரெண்டும் சத்தம்தானே"ன்னு கேட்ட பாரு, குழப்பமே அங்கதான். கொடைக்கானல்ல இருந்து உன் வீட்டுக்கு வர்றது சத்தமே இல்ல.

சங்கு ஊதுனா அது பக்கத்துல இருக்குற காத்தை தள்ளும், அது அடுத்த காத்தை தள்ளும், இப்படி ஒண்ண ஒண்ணு இடிச்சு இடிச்சுத்தான் அந்த அதிர்வு உன் காதுக்கு வந்து சேருது. இதான் எந்திர அலை. காத்தோ தண்ணியோ மண்ணோ ஏதாவது ஒண்ணு இருந்தாத்தான் போகும், அதனாலதான் அந்த காத்தே எதிர்ல அடிக்கும்போது சத்தம் மேல பாத்து வளைஞ்சு உங்க லயத்துக்கு மேலயே போயிருது.

கோடை எஃப்எம் 100.5 மெகாஹெர்ட்ஸ். அப்படின்னா அங்க ஆன்டெனால கரண்ட் செகண்டுக்கு 10 கோடி தடவைக்கு மேல முன்னும் பின்னும் ஓடுது, அதுல மின்புலமும் காந்தப்புலமும் சேர்ந்து அலையா கிளம்பி செகண்டுக்கு 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்துல வருது. அதுக்கு காத்தே தேவையில்ல, அப்புறம் காத்து எந்தப் பக்கம் அடிச்சா என்ன? பாட்டை அந்த அலைல ஏத்தி அனுப்புறாங்க, ரேடியோ பிரிச்சு எடுத்து ஸ்பீக்கருக்கு குடுக்குது. பாட்டு ஓடும்போது ஸ்பீக்கர் பேப்பர் மேல மெதுவா விரல் வெச்சுப் பாரு, குறுகுறுன்னு அதிரும். சத்தம் பொறக்குற இடம் அதுதான், உன் வீட்டுக்குள்ளயே. கொடைக்கானல்ல இருந்து உன் வீடு வரைக்கும் சுமார் 80 கிலோமீட்டர், அதை சத்தமாவே கடந்து வரணும்னா கிட்டத்தட்ட 4 நிமிஷம் ஆகும்.

நிலால காத்து கிடையாது. 2023 ஆகஸ்ட் 23ல சந்திரயான்-3 இறங்குச்சே, அங்கிருந்து படமெல்லாம் 1.3 செகண்டுல பூமிக்கு வந்துச்சு, அது மின்காந்த அலை. ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்சது இன்னொண்ணு, விக்ரம் லேண்டர்ல இருந்த இல்சாங்குற கருவி, ரோவர் ஓடுன அதிர்வை நிலா மண்ணு வழியாவே பதிவு பண்ணுச்சு. காத்து இல்லாட்டியும் மண்ணு இருந்துச்சுல்ல, எந்திர அலைக்கு அது போதும்.

பரீட்சைக்கு இதையும் சேத்து எழுது: எந்திர அலை குறுக்கலையாவும் (அலை போற திசைக்கு குறுக்க அதிர்றது) வரும், நெட்டலையாவும் (போற திசையிலயே முன்னும் பின்னும் அதிர்றது) வரும். மின்காந்த அலை குறுக்கலை மட்டும்தான்.

இப்ப ஐப்பசி மழை, சாயங்காலமானா உங்க பக்கம் இடி மின்னல்தான். மின்னல் வெளிச்சம் மின்காந்த அலை, உடனே தெரிஞ்சிரும். இடி எந்திர அலை, செகண்டுக்கு சுமார் 340 மீட்டர்தான் வரும். மின்னுனதுல இருந்து எண்ணு, வர்ற செகண்டை 3ஆல வகுத்தா எத்தனை கிலோமீட்டர்னு தெரியும். 30 எண்றதுக்குள்ள இடிச்சா 10 கிலோமீட்டருக்குள்ள இருக்குன்னு அர்த்தம். அம்மா சில்வர் ஓக் மரத்தடில ஒதுங்க வேண்டாம், கட்டடத்துக்குள்ள வந்துரச் சொல்லு, கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழிச்சு திரும்ப தேயிலைக் காட்டுக்குப் போகட்டும்.