யாரும் பார்க்காத பத்து நிமிடங்கள்

கேள்வி: மூன்று ஆண்டுகளாக ஜாவா நிரல்மொழியில் வேலை செய்கிறேன். அடுத்த வாரம் நேர்காணல். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்க நிரல் எழுதும் 45 நிமிட லைவ் கோடிங்கா, இரண்டு நாளில் வீட்டிலிருந்தே முடித்து அனுப்பும் டேக்-ஹோம் பணியா என்பதை நானே தேர்ந்துகொள்ளலாமாம். யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குக் கை ஓடாது. டேக்-ஹோம் கேட்டால் திறமை இல்லாதவள் என்று எண்ணிவிடுவார்களா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: எண்ண மாட்டார்கள், இரண்டு வழியையும் திறந்து வைத்தவர்கள் அவர்கள்தானே. கை ஓடாமல் போவதும் உங்களுக்கு மட்டும் நேர்வதன்று. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் 48 பேரை வைத்து நடத்தி 2020இல் வெளியிட்ட ஆய்வில், வெண்பலகை முன்னால் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கக் கணக்கைத் தீர்த்தவர்களின் செயல்திறன், தனி அறையில் தீர்த்தவர்களுடையதில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது.

நேர்காணல் எடுப்பவன் என்ற முறையில் நானே இதைக் கண்டிருக்கிறேன். எண்களின் பட்டியலில் இரண்டாவது பெரிய எண்ணைக் கண்டுபிடிக்கும் நிரலை எழுதச் சொன்னபோது, ஓர் இளைஞர் தொடக்க மதிப்பாக 0 என்று எழுதிவிட்டு, மார்க்கரின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாகவே நின்றார். தேநீர் எடுத்துவரப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியேறிய நான் திரும்பி வந்தபோது, 0 குறுக்கே கோடிட்டு அடிக்கப்பட்டிருந்தது, அருகில் “எல்லாமே மைனஸ் எண்ணாக இருந்தால்?” என்று அவரே எழுதியிருந்தார். அன்றுமுதல் யாரையும் முதல் பத்து நிமிடங்கள் தனியாகவே விட்டுவிடுகிறேன்.

ஆகவே டேக்-ஹோமையே தேர்ந்துகொள்ளுங்கள்; அதைப் பற்றிய அரைமணி நேர உரையாடலும் உண்டா என்று கேளுங்கள். என் விருப்பமும் அந்த இரண்டும் சேர்ந்த முறைதான், ஏனென்றால் அன்றாட வேலைக்கு மிக நெருக்கமானது அதுவே. ஒரே ஒரு குறை, இரண்டு நாள் என்பது சம்பளமில்லாத இரண்டு இரவுகளாக நீண்டுவிடும். வீட்டில் கைக்குழந்தை உள்ளவர்களுக்கு அது பெரும் அநீதி. எத்தனை மணி நேர வேலையை எதிர்பார்க்கிறார்கள் என்று முன்பே கேட்டு, அந்த அளவோடு நிறுத்தி, விட்டுப்போனவற்றை நிரலோடு வைக்கும் விளக்கக் குறிப்பான ரீட்மீ கோப்பில் எழுதிவிடுங்கள். ஒவ்வொரு வரியும் உங்களுடையதாக இருக்கட்டும், “ஹேஷ்மேப் நாம் சேர்த்த வரிசையைக் காப்பதில்லையே, இங்கே ஏன் போட்டீர்கள்?” என்று (ஹேஷ்மேப் என்பது தரவைச் சேர்த்துவைக்கும் ஜாவா அமைப்பு) கேட்கும்போது பதில் உங்களிடம்தான் இருக்க வேண்டும்.

ஒருவேளை லைவ் கோடிங்தான் என்று பிறகு மாற்றிவிட்டால், “ஐந்து நிமிடம் தனியாக யோசித்துவிட்டுப் பேசலாமா?” என்று தயங்காமல் கேளுங்கள்.