இரும்புச் சட்டியில் ஆப்பிள் பை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, வளைகுடாவில் வேலை பார்க்கும் என் தம்பி லீவுக்கு வரும்போது கைப்பிடி வைத்த வார்ப்பிரும்புச் சட்டி ஒன்று கொண்டுவந்தான். பத்து இஞ்ச் அகலம், நல்ல கனம். இதில்தான் ஆப்பிள் பை (மாவுக்குள் ஆப்பிளை வைத்து மூடி ஓவனில் சுடும் பலகாரம்) செய்ய வேண்டும் என்று ஒரே பிடிவாதம். கேக் டின்னில் செய்தால் வராதா? செய்முறையும் வேண்டும். (வாசகி, தக்கலை)

பதில்: டின்னிலும் வரும், ஆனால் தம்பி சொல்வதுதான் சரி. ஆப்பிள் பையில் நிறைய பேருக்குச் சறுக்குவது அடி மாவில்தான். மேலே பொன்னிறமாக இருக்கும், வெட்டி எடுத்தால் அடியில் சவசவ என்று கிடக்கும். ஆப்பிள் விடும் சாற்றில் ஊறிப்போவதுதான் காரணம். வார்ப்பிரும்பு மெதுவாகத்தான் சூடேறும், ஆனால் ஏறிய சூட்டை லேசில் விடாது, அதனால் அடி மாவு மொறுமொறுப்பாக வேகும். இன்னொரு வசதியும் உண்டு. வெந்தபிறகு ஓரத்தைக் கத்தியால் லேசாகத் தூக்கிப் பாருங்கள், அடி வெளுத்திருந்தால் சட்டியை அப்படியே அடுப்பில் சிறு தீயில் இரண்டு மூன்று நிமிடம் வைத்துவிடலாம்.

மாவுக்கு மைதா 300 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 200 கிராம், சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி, உப்பு அரை டீஸ்பூன், ஐஸ் தண்ணீர் ஆறேழு மேசைக்கரண்டி. வெண்ணெய் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சூட்டோடு சூடாக, இல்லை, குளிரோடு குளிராக மைதாவில் சேர வேண்டும். பட்டாணி அளவுத் துண்டுகள் மாவில் கண்ணுக்குத் தெரிய வேண்டும், ஏனென்றால் அடுப்பில் அவை உருகி, அதிலுள்ள நீர் ஆவியாகித்தான் மாவை அடுக்கடுக்காகப் பிரிக்கிறது. வெண்ணெய் 32 டிகிரியைத் தாண்டினால் உருகத் தொடங்கிவிடும், நம்ம ஊர் அடுக்களையில் நண்பகலில் அந்தச் சூடு தானாகவே இருக்கும். அதனால் இந்த வேலையை விடியற்காலையில் செய்யுங்கள். பரோட்டா மாவு போல அடித்துப் பிசையவே கூடாது, மாவு சேர்ந்து வந்தால் போதும். இரண்டாகப் பிரித்து ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

ஆப்பிள் ஒரு கிலோ. நமக்குக் கிடைக்கும் சிவப்பு டெலீஷியஸ் வகை இனிப்பு அதிகம், வெந்தால் மாவாகக் குழையும். புளிப்பான பச்சை ஆப்பிள் கிடைத்தால் பாதிக்குப் பாதி கலந்துகொள்ளுங்கள், கிடைக்காவிட்டால் கெட்டியான பழமாகப் பார்த்து ஒரு முழு எலுமிச்சம்பழத்தைப் பிழியுங்கள். தோல் சீவி அரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான கனத்தில் நறுக்கி, 100 கிராம் சர்க்கரையும் ஒரு டீஸ்பூன் கறுவாப்பட்டைத் தூளும் போட்டு அரை மணி நேரம் வையுங்கள். இறங்கிய சாற்றை வடித்துப் பாகு போல வற்றவிட்டு, இரண்டு மேசைக்கரண்டி மைதாவோடு மறுபடி பழத்திலேயே சேருங்கள். கிராம்புக்கு நாம் எங்கேயும் போக வேண்டாம், மாறாமலைப் பக்கம் விளையும் நம் கன்னியாகுமரி கிராம்பு 2021-இல் புவிசார் குறியீடே வாங்கியிருக்கிறது. நல்ல காரம், மூன்றைப் பொடித்துப் பழத்தில் சேர்த்தால் தாராளம்.

ஒரு பாதி மாவைச் சட்டியில் விரித்து, பழத்தை நிரப்பி, மறுபாதியால் மூடி, ஆவி போக நாலைந்து கீறல் போடுங்கள். நன்றாகச் சூடேறிய ஓவனில், கீழ்த்தட்டில், 220 டிகிரியில் 20 நிமிடம், அப்புறம் 190-இல் 40 நிமிடம். கீறல் வழியே பாகு கொதிப்பது தெரிய வேண்டும். வெளியே எடுத்து மூன்று மணி நேரமாவது ஆறவிடுங்கள் மக்களே, சுடச்சுட வெட்டினால் பாகெல்லாம் ஓடிவிடும். ஒன்று விட்டுப்போச்சு: சின்ன ஓடிஜி (மேசைமேல் வைக்கும் மின்சார ஓவன்) என்றால் கைப்பிடியோடு கதவு மூடுமா என்று வெறும் சட்டியை வைத்து முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் மீன் பொரிக்கிற தட்டையான இரும்புச் சட்டி இருக்கிறது. அதில் செய்யலாமா? (வாசகி, குளச்சல்)

பதில்: சாளையும் நெய்மீனும் பொரித்த வாசம் அந்தச் சட்டியின் எண்ணெய்ப் படலத்தில் ஏறியிருக்கும், வெண்ணெய் அதை அப்படியே இழுத்துக்கொள்ளும். கல்லுப்பு போட்டுத் தேய்த்துக் கழுவி, வெறும் சட்டியை 230 டிகிரியில் ஒரு மணி நேரம் ஓவனில் வையுங்கள், ஜன்னல் திறந்திருக்கட்டும். அப்படியும் மணந்தால் பைக்கு வேறு சட்டிதான்.

கேள்வி: புதுச் சட்டியைத் தேங்காயெண்ணெய் தடவிப் பழக்கினேன். பிசுபிசுவென்று ஒட்டுகிறதே? (வாசகர், மார்த்தாண்டம்)

பதில்: எண்ணெய் கூடிவிட்டது, அது ஒன்று. தேங்காயெண்ணெய் இந்த வேலைக்கு அவ்வளவு பொருந்தாது என்பது இன்னொன்று. சட்டி பழகுவது என்றால் சூட்டில் எண்ணெய் இறுகி இரும்போடு ஒட்டிய படலமாக மாறுவது. தேங்காயெண்ணெயில் சுமார் 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு, அது அப்படி எளிதில் இறுகாது. சூரியகாந்தி எண்ணெயோ நல்லெண்ணெயோ போதும். பிசுக்கைத் தேய்த்து எடுத்துவிட்டு, எண்ணெயைத் தடவி, தடவியதே தெரியாத அளவுக்குத் துணியால் துடைத்து, கவிழ்த்து வைத்து 230 டிகிரியில் ஒரு மணி நேரம் சூடாக்குங்கள். மூன்று நான்கு முறை இப்படிச் செய்தால் கறுத்துப் பளபளக்கும்.

கேள்வி: ஆப்பிளுக்குப் பதில் மட்டிப்பழம் (நம்ம ஊர் சின்ன வாழைப்பழம்) போடலாமா? (வாசகி, திருவட்டாறு)

பதில்: வேண்டாம். ஒரு மணி நேரச் சூட்டில் கரைந்து கூழாகிவிடும், அந்த மணமும் போய்விடும். அதை உரித்துச் சாப்பிடுவதுதான் அதற்கு மரியாதை. அன்னாசியைச் சர்க்கரையோடு நீர் வற்றக் கிளறிப் போட்டால் அருமையாக வரும்.

கேள்வி: மிச்சத்தைச் சட்டியிலேயே மூடி வைத்தால் இரும்பு வாடை வருகிறது. (வாசகி, நாகர்கோவில்)

பதில்: ஆப்பிள், எலுமிச்சை இரண்டின் புளிப்பும் ராத்திரி முழுக்க இரும்பை அரிக்கும், நம் கடற்கரைக் காற்றுக்குத் துருவும் சேர்ந்துகொள்ளும். சாப்பிட்டு முடித்ததும் மிச்சத்தை எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். சட்டி சூடாக இருக்கும்போது பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும். ஆறியபின் கழுவி, அடுப்பில் காட்டி ஈரத்தைப் போக்கி, ஒரு சொட்டு எண்ணெய் தேய்த்து வையுங்கள்.