ஜான் பிரைன்: தபால் பையோடு நடந்தவரின் பாட்டு (கேள்வி பதில்)

அமெரிக்கப் பாடகர் ஜான் பிரைன் (1946–2020) பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தேன். பல வருடங்களாக அவர் பாட்டைக் கேட்காமல் எனக்கு ஒரு வாரம்கூடப் போனதில்லை. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

அவர் இசையை அமெரிக்கானா என்கிறார்களே, அதுவும் கன்ட்ரியும் ஒன்றுதானே அண்ணா?

வேர் ஒன்றுதான். கன்ட்ரி, ஃபோக், புளூஸ், புளூகிராஸ் என்று அமெரிக்க மண்ணின் இசை வகைகள் எல்லாம் கலந்து, கிட்டாரை வைத்துக்கொண்டு கதை சொல்லும் பாட்டு. கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில் நகரத்து இசைக் கம்பெனிகள் கன்ட்ரியை ரேடியோவுக்காகப் பளபளப்பாக்கிக்கொண்டே போனபோது, அந்த வழியில் போகாதவர்களைக் குறிக்க ஒரு பெயர் தேவைப்பட்டது. அமெரிக்கானா இசைச் சங்கம் தொடங்கியது 1999இல். பிரைன் பாட வந்த காலத்தில் இந்தப் பெயரே கிடையாது. பிறகு அந்தச் சங்கமே அவரை மூன்று முறை ஆண்டின் சிறந்த கலைஞராகத் தேர்ந்தெடுத்தது.

அவர் நிஜமாகவே தபால்காரரா? விளம்பரத்துக்குக் கட்டிய கதை என்று நினைத்தேன்.

நிஜம்தான். சிகாகோவை ஒட்டிய மேவுட் என்ற ஊரில் பிறந்தவர். அப்பா தொழிற்சாலையில் உலோக அச்சுகளும் கருவிகளும் செய்பவர், தொழிற்சங்கக்காரரும்கூட. அண்ணன் டேவ், பதினான்கு வயதுத் தம்பிக்குக் கிட்டார் சொல்லிக் கொடுத்தார். பள்ளி முடித்ததும் தபால் வேலை. நடுவில் ராணுவத்துக்கு அழைப்பு வந்து போய்விட்டுத் திரும்பினார். மறுபடியும் அதே பை, அதே தெருக்கள்.

அந்த வேலையில் தெரு பழகிவிட்டால் கால் தானாக நடக்கும், மூளைக்கு வேலை இல்லை. அந்த நேரத்தில்தான் வரிகளை மனசுக்குள் கட்டிக்கொண்டே போவாராம். சிகாகோ குளிரில், தபால் கட்டுகளை இறக்கி வைக்கும் பெரிய பச்சை இரும்புப் பெட்டிக்குள் புகுந்து, காற்றுக்கு ஒதுங்கி சாண்ட்விச் சாப்பிட்டதையும் சொல்லியிருக்கிறார். அவருடைய முதல் ஆல்பத்தில் பெரும்பாலான பாட்டுகள் இப்படி நடந்துகொண்டே எழுதியவை. தபால்காரர் வாசல் வரைக்கும்தான் போவார். யார் வீட்டில் கடிதமே வருவதில்லை, யார் கதவைத் திறக்கத் தாமதிக்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் உள்ளே போய்ப் புத்தி சொல்ல முடியாது. பிரைன் பாட்டும் அப்படித்தான் வாசலில் நின்று பார்க்கும். என்னை அவரிடம் கட்டிப்போட்டது அதுதான்.

அப்புறம் எப்படி மேடை ஏறினார்?

சிகாகோவில் ‘ஃபிஃப்த் பெக்’ என்று ஒரு சின்ன இடம். யார் வேண்டுமானாலும் ஏறிப் பாடலாம். அங்கே உட்கார்ந்துகொண்டு, பாடுகிறவர்களைப் பற்றி முணுமுணுத்துக்கொண்டிருந்தாராம். ‘உன்னால் முடிந்தால் ஏறிப் பாடேன்’ என்றிருக்கிறார் பக்கத்தில் இருந்தவர். ஏறி மூன்று பாட்டு பாடினார். முடித்ததும் கைதட்டலே இல்லை. எல்லோரும் அப்படியே உட்கார்ந்திருக்கிறார்கள். இவருக்கோ காலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கொஞ்சம் கழித்துத்தான் கைதட்டல் வெடித்தது.

1970 அக்டோபரில் ‘சிகாகோ சன் டைம்ஸ்’ பத்திரிகையின் சினிமா விமர்சகர் ரோஜர் ஈபர்ட் தற்செயலாக அங்கே நுழைந்தார். பார்த்த படம் பிடிக்காமல் எழுந்து வந்தவர், பாப்கார்னில் உப்பு அதிகமாகி பியர் தேடி வந்தார் என்பது பிரைன் சொல்லும் கதை. படத்துக்குப் பதிலாக ‘பாடும் தபால்காரர்’ என்று இவரைப் பற்றி எழுதினார் ஈபர்ட். பிரைனுக்குக் கிடைத்த முதல் விமர்சனம் அது. அதற்குப் பிறகு அந்த இடத்தில் நாற்காலி காலியாக இருந்ததில்லை.

அடுத்த வருடம் பிரைன் பாடிக்கொண்டிருந்த ‘ஏர்ல் ஆஃப் ஓல்ட் டவுன்’ என்ற இன்னொரு இடத்துக்கு, அவர் நண்பரும் பாடகருமான ஸ்டீவ் குட்மன், பிரபல பாடகர் கிரிஸ் கிறிஸ்டாஃபர்சனை இழுத்துக்கொண்டு வந்தார். அதற்குள் நடுராத்திரி தாண்டி, கடையில் நாற்காலிகளைக் கவிழ்த்து மேசைமேல் ஏற்றிவிட்டார்கள். அந்தக் காலி ஹாலில் பிரைன் பாடினார். பாடி முடித்ததும், பாடிய அத்தனையையும் மறுபடி பாடச் சொன்னார் கிறிஸ்டாஃபர்சன். சீக்கிரமே நியூயார்க் மேடை, அட்லான்டிக் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டுக் கம்பெனியின் ஒப்பந்தம் எல்லாம் வந்தன. 1971இல் முதல் ஆல்பம்.

‘சாம் ஸ்டோன்’ பாட்டு அவருடைய வியட்நாம் அனுபவமா? அவர் போருக்குப் போனாரா?

போகவில்லை. அவரை அனுப்பியது மேற்கு ஜெர்மனிக்கு, வண்டி பழுது பார்க்கும் வேலைக்கு. ஆனால் கூட வளர்ந்தவர்கள் வியட்நாம் போய்த் திரும்பி வந்ததைப் பார்த்தார். உடம்பு வந்தது, ஆள் வரவில்லை. பாட்டில் ஒரு சிப்பாய் காயத்தோடும் மார்ஃபின் போதைப் பழக்கத்தோடும் வீடு திரும்புகிறான். போர் தப்பு என்று ஒரு வார்த்தை கிடையாது. பல்லவி அந்த வீட்டுக் குழந்தையின் வாயில் வருகிறது. ஊசி குத்திய இடம் குழந்தைக்கு, வீட்டுக் காசெல்லாம் ஒழுகிப்போகும் ஓட்டையாகத் தெரிகிறது. அந்தக் காலத்துப் போர் எதிர்ப்புப் பாட்டுகள் எத்தனையோ கேட்டிருக்கிறேன். இதற்குப் பக்கத்தில் வைக்க எனக்கு இன்னொன்று கிடைக்கவில்லை.

‘பாரடைஸ்’ பாட்டில் வரும் ஊர் கற்பனையா?

இதைத்தான் அதிகம் பேர் கேட்டிருக்கிறீர்கள். பாரடைஸ் நிஜமான ஊர். கென்டக்கி மாநிலம், மியூலன்பர்க் கவுன்டி, கிரீன் ஆற்றங்கரை. பிரைனின் அப்பா அம்மா அந்தப் பக்கத்துக்காரர்கள். பிழைப்புக்காகச் சிகாகோ வந்தவர்கள். விடுமுறைக்குப் பிள்ளைகளை அங்கேதான் அழைத்துப் போவார்கள்.

அடியில் நிலக்கரி இருந்தது. சுரங்கம் தோண்டி இறங்காமல், மேல் மண்ணையே ராட்சத இயந்திரத்தால் வழித்து எடுக்கும் திறந்தவெளிச் சுரங்கம் வந்தது. பீபாடி நிறுவனம் கரியை அள்ளியது. பக்கத்திலேயே பெரிய அனல் மின்நிலையம் எழுந்தது. 1960களின் கடைசியில் மிச்சமிருந்த வீடுகளையும் வாங்கி இடித்துவிட்டார்கள். பிரைன் ஜெர்மனியில் இருந்தபோது, அந்தச் செய்தி வந்த பத்திரிகைத் துண்டை அப்பா அனுப்பியிருந்தார்.

பாட்டை அப்பாவுக்காகத்தான் எழுதினார். ஒரு சிறு பையன், கிரீன் ஆற்றங்கரைக்குக் கூட்டிப் போகச் சொல்லி அப்பாவிடம் கேட்கிறான். அப்பா, கேட்கத் தாமதமாகிவிட்டது மகனே, அந்த ஊரைக் கரி வண்டி ஏற்றிக்கொண்டு போய்விட்டது என்கிறார். நிறுவனத்தின் பெயரை நேரடியாகவே சொல்லிவிடுகிறது பாட்டு.

ஆல்பம் வெளிவருவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, 1971இல் அப்பா இறந்துவிட்டார். ஆனால் அதற்கு முன்பே பதிவு நாடாவைக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டியிருக்கிறார் மகன். பாட்டு ஆரம்பித்ததும் அப்பா எழுந்து அடுத்த அறைக்குப் போய் இருட்டில் உட்கார்ந்துகொண்டார். ஏன் என்று கேட்டால், ஜூக்பாக்ஸில் (காசு போட்டால் பாடும் பெட்டி) ஓடுகிற பாட்டு என்று நினைத்துக் கேட்கத்தான் என்றாராம். தன் ஊரைப் பற்றித் தன் மகன் எழுதிய பாட்டு, முன்பின் தெரியாதவர்கள் காசு போட்டுக் கேட்கும் பாட்டாக ஒலிக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. இதை எழுதும்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

பெரிய ஹிட் ஒன்றும் இல்லையே, அப்புறம் ஏன் இவ்வளவு பெயர்?

அவர் குரலில் ரேடியோ ஹிட் இல்லை, சரி. ஆனால் பாடகர்கள் அவர் பாட்டைத் தேடி எடுத்துப் பாடினார்கள். ‘ஏஞ்சல் ஃப்ரம் மான்ட்கோமரி’யை 1974இல் பாடகி பானி ரைட் பாடியது ஒன்று போதும். நடுவயது இல்லத்தரசி, தான் கிழவியாகிவிட்டதாக உணர்ந்து பேசும் பாட்டு. எழுதியவர் இருபதுகளில் இருந்த ஆண். பாப் டிலனும் இவர் எழுத்தை மெச்சியவர். பிரைனின் ஆரம்பகால நியூயார்க் நிகழ்ச்சி ஒன்றில் பின்னால் நின்று ஹார்மோனிகா வாசித்திருக்கிறார்.

ஸ்டீவ் குட்மன் நட்பு பற்றி ஒரு வரியாவது.

பாடகர் டேவிட் ஆலன் கோ 1975இல் ஹிட்டாக்கிய ஒரு கன்ட்ரி பாட்டை குட்மனும் பிரைனும் சேர்ந்து எழுதினார்கள். பிரைன் தன் பெயர் வேண்டாம் என்றுவிட்டார். பணம் வந்ததும் குட்மன் அவருக்கு ஒரு ஜூக்பாக்ஸ் வாங்கிக் கொடுத்தார். 1984இல் ரத்தப் புற்றுநோயில் குட்மன் போனபோது வயது 36.

சொந்தக் கம்பெனி தொடங்க என்ன காரணம்?

அட்லான்டிக், பிறகு அசைலம் என்று ஏழு ஆல்பம் செய்தார். கம்பெனிகளுக்கு இவரை எப்படி விற்பது என்று தெரியவில்லை. 80களின் தொடக்கத்தில் மேலாளர் அல் புனெட்டாவோடும் டான் ஐன்ஸ்டீனோடும் சேர்ந்து ‘ஓ பாய் ரெக்கார்ட்ஸ்’ தொடங்கினார். ரசிகர்கள் அடுத்த ஆல்பத்துக்கான பணத்தை முன்கூட்டியே தபாலில் காசோலையாக அனுப்பினார்கள். இணையத்தில் ரசிகர்களிடம் நிதி திரட்டுவது வழக்கமாவதற்கு எத்தனையோ வருடம் முன்பு! 1991இல் வந்த ‘தி மிஸ்ஸிங் இயர்ஸ்’ அந்தச் சின்னக் கம்பெனிக்கு கிராமி வாங்கித் தந்தது. ராக் பாடகர் டாம் பெட்டியின் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்த ஹோவி எப்ஸ்டீன் தயாரித்தது.

பழைய பதிவிலும் புதியதிலும் குரல் வேறு ஆள் மாதிரி இருக்கிறதே?

1998இல் கழுத்தில் புற்றுநோய். அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் முடிந்தபோது குரல் இறங்கிக் கரகரத்துவிட்டது. பாட்டுகளையெல்லாம் கீழ் ஸ்ருதிக்கு மாற்ற வேண்டியிருந்தது. அப்படி மாற்றியதில் பழைய பாட்டுகளே தனக்குப் புதிதாகத் தெரிந்தன என்று சொன்னார். 2013இல் நுரையீரலில் வந்தது. இடது நுரையீரலில் ஒரு பகுதியை எடுத்தார்கள். தேறும்போது அவர் செய்த பயிற்சி: மாடிப்படியில் ஏறி இறங்கி ஓடிவிட்டு, மூச்சு வாங்கும்போதே கிட்டாரை எடுத்து இரண்டு பாட்டு பாடுவது. ஆறே மாதத்தில் மேடைக்கு வந்துவிட்டார். ‘அவருக்குக் குரலே இல்லையே’ என்று ஒருவர் வருத்தத்தோடு கேட்டிருக்கிறார். 2018இல் வந்த ‘தி ட்ரீ ஆஃப் ஃபர்கிவ்னஸ்’ ஆல்பத்தைக் கேட்டுப் பாருங்கள் ஐயா. எழுதி முடிக்காத வரிகள் பெட்டி பெட்டியாகக் கிடந்தன. அவற்றோடு மனைவி ஃபியோனாவும் மகனும் அவரை ஓர் ஓட்டல் அறையில் கொண்டுபோய் விட்டு எழுத வைத்த ஆல்பம் அது. அவர் ஆல்பங்களிலேயே அதிக உயரம் தொட்டதும் அதுதான். அமெரிக்க ஆல்பங்களை வரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலில் 5ஆம் இடம்.

கிட்டார் இப்போதுதான் கற்கிறேன். அவர் பாட்டு வாசிக்க வருமா?

வரும் தம்பி. ‘பாரடைஸ்’ டி, ஜி, ஏ என்ற மூன்று கார்டில் (பல சுரங்களைச் சேர்த்து மீட்டுவது) முடிந்துவிடும். திஸ்ர நடை, அதாவது மும்மூன்று தட்டு. முதல் தட்டுக்குக் கட்டைவிரலால் அடித்தந்தி, அடுத்த இரண்டுக்கு மேல் தந்திகள். முதல் வாரம் பாடவே வேண்டாம், கட்டைவிரல் தவறாமல் விழுகிறதா என்று மட்டும் பார். அவர் வாசிப்பில் நடையைத் தாங்குவது அந்தக் கட்டைவிரல்தான்.

கடைசி நாட்கள்?

2020 ஏப்ரல் 7, நாஷ்வில், கொரோனா. வயது 73. அஸ்தியில் பாதி சிகாகோவில் பெற்றோர் பக்கத்தில். மீதியைக் கிரீன் ஆற்றில் விட்டார்கள். ‘பாரடைஸ்’ கடைசிச் சரணத்தில் இருபதுகளிலேயே அவர் கேட்டிருந்ததும் அதைத்தான். கடைசியாகப் பதிவு செய்த ‘ஐ ரிமெம்பர் எவ்ரிதிங்’ அடுத்த வருடம் இரண்டு கிராமி வாங்கியது.

ஒரே ஒரு பாட்டு கேட்கத்தான் இன்று நேரம் இருக்கிறது. எதைக் கேட்கட்டும்?

‘ஹலோ இன் தேர்’. பிள்ளைகள் தூரம் போய்விட்ட ஒரு முதிய தம்பதி. ஒரு மகனைக் கொரியப் போரில் இழந்தவர்கள். பேச்சு குறைந்துவிட்டது. மனைவி பின்பக்கத்து வலைக்கதவு வழியாக வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். சிறுவனாக இருந்தபோது பிரைன், நண்பனோடு சேர்ந்து முதியோர் இல்லம் ஒன்றில் அறை அறையாகப் பேப்பர் போட்டிருக்கிறார். சில பெரியவர்கள், பேப்பர் போட வந்த பையன் என்று காட்டிக்கொள்ளாமல், தங்களைப் பார்க்கப் பேரன் வந்திருக்கிறான் என்பது போலப் பக்கத்தில் உள்ளவர்கள் முன்னால் நடந்துகொள்வார்களாம். அந்த ஞாபகத்திலிருந்து வந்த பாட்டு. 1971 பதிவையே கேளுங்கள். அதில் குரல் இளமையாக இருக்கும், அவசரமே இருக்காது.